பழைய கண்டெய்னருக்குப் பெயின்ட்: துருவை அடியிலிருந்து நிறுத்துவது எப்படி

கப்பலில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிக் கழித்த கண்டெய்னர்கள் சென்னை, எண்ணூர், தூத்துக்குடி துறைமுகங்களை ஒட்டிய யார்டுகளில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஆபீஸ், தோட்டத்தில் உர அறை, சாலையோரத்தில் கடை என்று பலவிதமாகப் பயன்படுகின்றன. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். கம்பி பிரஷால் மேலோட்டமாக ஒரு தேய்ப்பு, ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேலே இனாமல் இரண்டு கோட். பார்க்கப் புதுசாக இருக்கும். ஒரு மழைக்காலம் போனதும் கீழ் விளிம்பில் கொப்புளம் கிளம்பும், பழுப்பு நீர் வழியும். பழி பெயின்ட் கம்பெனி மேல் விழும். உண்மையில் கோளாறு பெயின்டுக்கு அடியில் விட்டு வைத்ததில் இருக்கிறது.

கண்டெய்னர் எந்த இரும்பால் ஆனது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். "சார், இது கார்ட்டன் ஸ்டீல், துருவே பிடிக்காது" என்று யார்டில் சொல்வார்கள். பாதி உண்மை. இந்த இரும்பில் கொஞ்சம் செம்பு, குரோமியம், நிக்கல், பாஸ்பரஸ் கலந்திருக்கும். மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, மறுபடி நனைந்து காயும் இடத்தில் இதன்மேல் அடர்த்தியான பழுப்புப் படலம் ஒன்று உருவாகி, உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கும். ஆனால் உப்புக்காற்று அடிக்கும் இடத்திலோ, தண்ணீர் தேங்கிக் காயாமல் கிடக்கும் இடத்திலோ அந்தப் படலம் கெட்டிப்படாது. சாதாரண இரும்பைப் போலவே அடுக்கடுக்காகப் பெயரும். கடலிலேயே வாழ்ந்த பெட்டிக்குக் கார்ட்டன் என்ற பெயர் மட்டும் போதாது. அதோடு பக்கச் சுவர்த் தகட்டின் தடிமன் பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர், கூரை 2 மில்லிமீட்டர். அரித்துப் போக விட்டுக்கொடுக்க அங்கே இரும்பே இல்லை.

தொழிற்சாலையில் இதற்குப் போடும் பாதுகாப்பு மூன்று அடுக்கு. முதலில் துத்தநாகத்தூள் நிறைந்த எபாக்சி (ஹார்டனர் கலந்ததும் கெட்டியாக இறுகும் பிசின்) பிரைமர், நடுவில் எபாக்சி, மேலே அக்ரிலிக் போன்ற நிறப் பெயின்ட். எல்லாம் சேர்த்து வெளிப்புறத்தில் சுமார் 100 முதல் 120 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். அடிவயிற்றில் கருப்பாக, தடிமனாகத் தார் வகைப் பூச்சு. 2017 முதல் சீனத் தொழிற்சாலைகள் நீர் சார்ந்த பெயின்டுக்குப் பெருமளவில் மாறிவிட்டன. உலகக் கண்டெய்னர்களில் மிகப் பெரும்பான்மை அங்கே தயாராவதால் உங்கள் பெட்டி எந்த ஆண்டு செய்தது என்று பார்ப்பது பயன்தரும். கதவில் ஆணியடித்த சிறு உலோகத் தகட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும்.

துரு எப்படி நடக்கிறது?

இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு வரும் என்று பள்ளியில் படித்தது சரிதான். அதோடு உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துரு என்பது ஒரு சின்ன மின்வேதி வேலை: இரும்பின் ஓரிடம் எலக்ட்ரான்களை விட்டுக் கரைகிறது, பக்கத்து இடத்தில் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது, இரண்டையும் இணைக்கும் வழி நடுவிலுள்ள ஈரம். ஈரத்தில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் சுலபமாக ஓடும், வேலை வேகமாக நடக்கும். உப்பிலுள்ள குளோரைடு இந்த வேலையில் செலவாகித் தீர்ந்துபோவதும் இல்லை. அங்கேயே தங்கி மறுபடி மறுபடி அரிப்பைக் கிளப்பும்.

பெயின்ட் படலம் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீராவியை உள்ளே விடும். எந்தப் பெயின்டும் அப்படித்தான். அடியில் உப்பு இருந்தால், அது அந்த ஈரத்தை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். படலத்துக்கு அடியில் ஒரு துளி உப்புநீர் உருவாகி, படலம் மேலே தூக்கும். நீங்கள் பார்க்கும் கொப்புளம் அதுதான். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால், இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடத்தில் அது தகடுகளையே விரித்துவிடும்.

ஆகவே பெயின்டிடம் மூன்று வேலைகளைக் கேட்கிறோம். ஈரமும் ஆக்சிஜனும் சுலபமாகப் போகாத தடுப்பு ஒன்று. இதை எபாக்சி நன்றாகச் செய்யும். அரிப்பை வேதி முறையில் மந்தப்படுத்துவது இரண்டாவது. ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இதற்கு. தன்னையே கொடுத்து இரும்பைக் காப்பது மூன்றாவது; துத்தநாகம் நிறைந்த பிரைமர் செய்வது இது. இந்த மூன்றாவது வகை, துத்தநாகத்தூள் நேரடியாகப் பளிச்சென்ற இரும்பைத் தொட்டால் மட்டுமே வேலை செய்யும். கையால் தேய்த்த துரு மிச்சத்தின்மேல் ஜிங்க் ரிச் பிரைமர் அடிப்பது பணத்தைக் கொட்டுவதுதான். பிளாஸ்டிங், அதாவது அழுத்தக் காற்றில் கரடான துகளைப் பாய்ச்சித் துருவை எடுப்பது, செய்ய முடியாதவர்கள் அந்த டப்பாவைத் தொடவே வேண்டாம்.

முதலில் எங்கே பார்ப்பது

நடுப்பகலில் ஒருவர் உள்ளே போய்க் கதவை வெளியிலிருந்து ஒருவர் சாத்தட்டும். உள்ளிருந்து திறக்க முடியாது என்பதால் வெளியே இருப்பவர் அங்கேயே நிற்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் கண் இருட்டுக்குப் பழகியதும் ஊசி முனை அளவு ஓட்டைகூட வெளிச்சமாகத் தெரியும். சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பிறகு வெளியே வந்து சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போகலாம். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும், செதில் உதிரும்.

அரிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. கூரையில் பள்ளம் விழுந்து நீர் தேங்கும் இடங்கள், பக்கச் சுவரின் கீழ் விளிம்புச் சட்டம், ஃபோர்க் லிஃப்ட் நுழையும் துளைகளின் ஓரம், நான்கு மூலை வார்ப்புகளைச் சுற்றிய வெல்டிங், அடியிலுள்ள குறுக்குச் சட்டங்கள், பழைய ஸ்டிக்கர்களின் ஓரம். எல்லாவற்றிலும் மோசமானது கதவின் அடிப்பகுதி. ரப்பர் பட்டையைப் பிடித்திருக்கும் மெல்லிய இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் நீர் தங்கும், வெளியிலிருந்து எதுவும் தெரியாது. ரப்பர் ஓரத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். பழுப்புத் தூள் கொட்டினால் ரிவெட்டை எடுத்து, பட்டையைக் கழற்றி, உள்ளே சுத்தம் செய்து, மறுபடி மாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஓட்டை இருந்தால் பெயின்டுக்கு முன் வெல்டிங். தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, 2 மில்லிமீட்டர்த் தகடு வைத்துச் சுற்றிலும் தொடர்ச்சியாக வெல்ட் செய்ய வேண்டும். இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்தால் இடுக்கில் நீர் நுழையும். வெல்ட் செய்யும் இடத்தைச் சுற்றிப் பழைய பெயின்டை முன்பே எடுத்துவிடுங்கள், துத்தநாகம் எரியும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். வெளியே வெல்ட் செய்தால் உட்புறப் பெயின்டும் கருகியிருக்கும். அங்கேயும் பூச வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். தரை 28 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை, தீப்பொறி விழுந்தால் வெகுநேரம் கனலும். பக்கத்தில் வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

கூரைப் பள்ளத்தை லப்பம் போட்டு நிரப்பாதீர்கள். வெயிலில் தகடு விரிந்து சுருங்கும், லப்பம் வெடித்துக் கழலும். உள்ளே ஒரு பலகையையும் ஜாக்கியையும் முட்டுக்கொடுத்து மெல்ல மேலே தள்ளினால் பெரும்பாலான பள்ளங்கள் நீர் வழியும் அளவுக்கு நிமிர்ந்துவிடும்.

கழுவு, சுரண்டு, மறுபடி கழுவு

தேய்ப்பதற்கு முன் கழுவ வேண்டும். கிரீஸ், எண்ணெய்ப் பிசுக்கு, உப்பு இவை மேலே இருக்கும்போது கிரைண்டரை வைத்தால் எல்லாவற்றையும் இரும்புக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். சோப்புத்தூள் கரைசலால் துடைத்து, 150 பார் அழுத்தமுள்ள வாஷரால் மேலிருந்து கீழாக அடியுங்கள். 20 அடிப் பெட்டிக்கு ஐந்நூறு லிட்டர் ஒதுக்கினால் நெருக்கடி இருக்காது. தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும். கடற்கரை ஓரத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பை எடுக்கவில்லை, பூசுகிறீர்கள். லாரித் தண்ணீருக்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

செதில் துருவைப் பட்டையான சுரண்டியாலும் சுத்தியலாலும் முதலில் தட்டி எடுங்கள். அதன்பின் கிரைண்டரில் கம்பிக் கிண்ணம். இங்கே ஒரு பொறி இருக்கிறது: கம்பிக் கிண்ணம் அதிக நேரம் ஓடினால் துருவையே மெருகேற்றிப் பளபளப்பாக்கிவிடும். பார்க்க இரும்பு போல் மின்னும், பெயின்ட் பிடிக்காது. எனவே 60 நம்பர் ஃபிளாப் டிஸ்கால் லேசாக ஓட்டி, சொரசொரப்பாக்கி முடிக்க வேண்டும். கல் டிஸ்க் வேண்டாம், 1.6 மில்லிமீட்டர்த் தகட்டில் அது ஓட்டை போடும். நல்ல பெயின்ட் இருக்கும் இடத்தை உரிக்கத் தேவையில்லை, 120 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்தால் போதும். நல்ல பெயின்டும் வெற்று இரும்பும் சந்திக்கும் விளிம்பை மட்டும் சரிவாகத் தேய்த்து இறக்குங்கள். அங்கே படி போல நின்றால், அடுத்த உரிதல் அதிலிருந்துதான் ஆரம்பிக்கும்.

இப்போது மறுபடி கழுவுங்கள். தலைவலி பிடித்த வேலை, அதனால்தான் யாரும் செய்வதில்லை. துருவின் குழிகளுக்குள் ஒளிந்திருந்த உப்பு, செதிலை எடுத்த பிறகுதான் தண்ணீருக்கு எட்டும். கழுவியதும் ஈரமான இரும்பில் ஒரு மணி நேரத்துக்குள் மஞ்சள் படலம் லேசாகப் படியலாம்; உலர்ந்ததும் ஒரு கை தேய்த்துத் தூசியைத் துடைத்தால் போதும்.

துரு மாற்றி என்று விற்கும் திரவங்களைப் பற்றி: டானிக் அமிலம் உள்ளவை, மெல்லிய, இறுகப் பிடித்த துருவைக் கருநீலப் படலமாக மாற்றும். செதில் துருவின்மேல் ஊற்றினால் மேல்தோல் மட்டும் கருக்கும், அடியில் துரு தன் வேலையைத் தொடரும். பாஸ்பாரிக் அமிலம் உள்ளதைப் பயன்படுத்தினால் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள், மிச்ச அமிலம் எபாக்சியை இறுகவிடாது. குழிவிழுந்த சின்ன இடங்களுக்கு இவை உதவும். பெட்டி முழுவதற்கும் இதை நம்புவது சோம்பேறித்தனம்.

கடலில் இருந்து நான்கைந்து கிலோமீட்டருக்குள் வைக்கப்போகிறீர்கள், பெட்டியில் பாதிக்கு மேல் துரு என்றால் மட்டும் கிரிட் பிளாஸ்டிங் யோசியுங்கள். ஆற்றுமணலால் அடிக்கச் சம்மதிக்காதீர்கள்; அந்தத் தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். கார்னெட் அல்லது காப்பர் ஸ்லாக் கேளுங்கள். முனையை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய சுவர் நெளியும். அடித்த இரும்பில் சில மணி நேரத்துக்குள் பிரைமர் ஏற வேண்டும், கடலோரத்தில் அதற்குமேல் காத்திருக்காது.

எந்த டப்பா வாங்குவது

கையால் தேய்த்துத் தயாரித்த பெட்டிக்கு எங்கள் பரிந்துரை: சர்ஃபேஸ் டாலரன்ட் (கொஞ்சம் துரு மிச்சமிருக்கும் பரப்பிலும் பிடிப்பது) என்று குறிப்பிட்ட எபாக்சி மாஸ்டிக் அல்லது ஜிங்க் பாஸ்பேட் எபாக்சி பிரைமர், அதன்மேல் அலிஃபேடிக் பாலியூரித்தேன், அதாவது கடையில் பியூ என்று கேட்பது. எபாக்சியை மட்டும் அடித்து நிறுத்தினால் வெயிலில் சுண்ணாம்பு போல் வெளுத்துத் தூள்விடும். அதனால் பியூ வேண்டும். கையில் காசு குறைவென்றால் ரெட் ஆக்சைடும் இனாமலும் பாவமில்லை, கடலுக்குத் தள்ளிய ஊர்களில் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடிக்கத் தயாராக இருந்தால். ஆனால் ரெட் ஆக்சைடை அடித்துவிட்டு மேல்கோட் இல்லாமல் மாதக்கணக்கில் விடாதீர்கள். அது தனியாக நிற்கிற பூச்சு இல்லை, ஈரத்தை உறிஞ்சும்.

வாங்குவதற்குமுன் ஒரு சோதனை. எபாக்சி தின்னரில் நனைத்த துணியைப் பழைய பெயின்ட் மேல் பத்து நிமிடம் ஒட்டி வையுங்கள். பெயின்ட் இளகினாலோ சுருங்கினாலோ, வீரியமான இரண்டு டப்பாப் பெயின்ட் (பெயின்ட் ஒரு டப்பா, அதை இறுக்கும் ஹார்டனர் ஒரு டப்பா) அதைத் தோல் போல் சுருட்டித் தூக்கும் அபாயம் உண்டு. அப்படியானால் எபாக்சியை வெற்று இரும்புத் திட்டுகளில் மட்டும் பூசி, மேலே முழுக்க இனாமலோ நீர் சார்ந்த அக்ரிலிக்கோ போடலாம். எதுவானாலும் ஒரு சதுர அடியில் அடித்து ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

அளவுக் கணக்கு எளிது. 20 அடிப் பெட்டியின் நீளம் 6.06 மீட்டர், அகலம் 2.44, உயரம் 2.59. நான்கு பக்கமும் கூரையும் சேர்த்து 59 சதுர மீட்டர் வரும். தகட்டின் நெளிவுக்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் சுமார் 70. டப்பாவிலோ விவரத்தாளிலோ கன அளவில் திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று இருக்கும். அதைப் பத்தால் பெருக்கி, வேண்டிய மைக்ரானால் வகுத்தால், ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் பரவும் என்று கிடைக்கும். 60 சதவீதத் திடப்பொருள் உள்ள எபாக்சியை 75 மைக்ரான் போட வேண்டுமானால் 600 வகுத்தல் 75, அதாவது 8 சதுர மீட்டர். 70-க்கு 8.75 லிட்டர். ரோலர், தட்டு, காற்று, கீழே சிந்துவது என்று கால் பங்கு சேதாரம் வைத்தால் 12 லிட்டர். பியூ 50 சதவீதம், 50 மைக்ரான் என்றால் ஒரு கோட்டுக்கு ஒன்பதரை லிட்டர், இரண்டு கோட்டுக்கு 19. ஸ்ப்ரே அடித்தால் சேதாரம் இன்னும் கூடும். "நாலு லிட்டர் போதும் சார்" என்று ஒருவர் சொன்னால், அவர் தின்னரைக் கணக்கில் வைத்திருக்கிறார் என்று பொருள்.

தடிமனைச் சரிபார்க்கப் பல்வரிசை உள்ள சின்ன உலோகச் சீப்பு ஒன்று பெயின்ட் கடையில் கிடைக்கும். ஈரப் படலத்தில் அழுத்தினால் எத்தனை மைக்ரான் என்று காட்டும். மேற்சொன்ன எபாக்சி ஈரத்தில் 125 மைக்ரான் இருந்தால்தான் காய்ந்ததும் 75 நிற்கும். தின்னர் சேர்த்திருந்தால் ஈரத்தில் இன்னும் கூடுதலாக வேண்டும்.

அடிக்கும் நாளும் நேரமும்

வடகிழக்குப் பருவமழை மாதங்களில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இந்த வேலையை எடுக்காதீர்கள். பிப்ரவரி, மார்ச் வசதி. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தகட்டின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகம் இருக்க வேண்டும். 28 டிகிரி வெயிலில்லாத காலை, ஈரப்பதம் 80 என்றால் பனி படியும் நிலை சுமார் 24. தகடு 27 டிகிரியாவது இருக்க வேண்டும். இரவெல்லாம் குளிர்ந்த தகடு காலை ஏழு மணிக்கு அதைத் தொடாது, தொட்டுப் பார்த்தால் ஓதம் தெரியும். மறுபக்கம், உச்சி வெயிலில் தகட்டில் ஐந்து விநாடி கை வைக்க முடியாத சூடு ஏறினால் பெயின்ட் பரவுவதற்குள் மேல்தோல் காய்ந்து, உள்ளிருக்கும் தின்னர் ஊசித் துளையாக வெடித்து வெளியேறும். வழி சுலபம்: பனி காய்ந்தபின் காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்குமேல் கிழக்குச் சுவர், எப்போதும் நிழல் பக்கம். மாலை நான்கு மணிக்குள் தூரிகையைக் கழுவிவிட்டால் பனி இறங்குவதற்குள் படலம் தேறும்.

இரண்டு டப்பாப் பெயின்டில் கலவை விகிதம் கண்மதிப்பில் கூடாது. ஹார்டனர் குறைந்தால் பிசுபிசுப்பு போகாது, கூடினால் நொறுங்கும். எபாக்சியைக் கலக்கியபின் விவரத்தாளில் சொன்ன நேரம், பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம், சும்மா விடுங்கள். வெப்பம் 10 டிகிரி ஏறினால் கலவை உயிரோடு இருக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். 25 டிகிரியில் நான்கு மணி நேரம் என்று அச்சிட்டிருந்தால் நம்மூர் 35-ல் இரண்டு மணி நேரம்தான். எனவே இரண்டு இரண்டு லிட்டராகக் கலக்குங்கள்.

முதலில் தூரிகையால் வெல்டிங் கோடுகள், சட்ட விளிம்புகள், போல்ட் தலைகள், மூலை வார்ப்புகள். கூர்மையான விளிம்பிலிருந்து ஈரப் பெயின்ட் தானாக விலகி மெலியும். துரு முதலில் அங்கே திரும்புவது அதனால்தான். அதன்பின் ரோலரால் முழுச் சுவர். அடுத்த கோட்டுக்கு விவரத்தாளில் குறைந்தபட்ச நேரமும் அதிகபட்ச நேரமும் இருக்கும். அதிகபட்சம் தாண்டிவிட்டால் எபாக்சி கண்ணாடி போல் இறுகியிருக்கும், 220 நம்பர் தாளால் தேய்க்காமல் பியூ அடித்தால் பின்னாளில் தாள் தாளாக உரியும்.

தகடு மேற்படியும் இடுக்குகளுக்கு பியூ சீலன்ட், அதுவும் பிரைமருக்குப் பிறகு. சிலிக்கான் சீலன்ட் வேண்டவே வேண்டாம், அதன்மேல் எந்தப் பெயின்டும் ஒட்டாது. கதவு ரப்பர், காற்றுத் துளை, கீல் இவற்றை டேப் ஒட்டி மறையுங்கள். கீலுக்குப் பெயின்டல்ல, கிரீஸ்தான். காற்றுத் துளையின் டேப்பை எடுக்க மறந்தால் உள்ளே வேர்த்துக் கூரையிலிருந்து சொட்டும். அடிவயிற்றுக் கருப்புப் பூச்சின்மேல் நிறப் பெயின்டை ஏற்றாதீர்கள், தார் மேலே ஊறிப் பழுப்பாகும். உரிந்த இடத்துக்கு அதே தார் வகைப் பூச்சு போதும். கூரைக்கு வெள்ளை நிறம். உள்ளே சூட்டில் தெரியும் வித்தியாசம் பெரிது.

பெட்டியை நேரே மண்ணில் உட்கார வைத்தால் மேற்சொன்ன அத்தனையும் வீண். நான்கு மூலை வார்ப்புகளுக்கும் அடியில் கான்கிரீட் பீடம், தரையிலிருந்து 20 சென்டிமீட்டராவது இடைவெளி, அடியில் காற்றோட வேண்டும்.

பழைய பெயின்டில் ஈயமும் குரோமேட்டும் இருக்கலாம், ஆகவே தூசிக்குத் துணி முகமூடி போதாது. துகள் வடிகட்டியுள்ள மாஸ்க் வேண்டும். தார்ப்பாய் விரித்து உதிர்ந்ததைச் சேர்த்து எடுங்கள். பியூ ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, மூச்சைப் பாதிக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. ரோலரில் அடிப்பவர் ஆவி வடிகட்டியுள்ள மாஸ்க்கோடு திறந்த வெளியில் செய்யலாம். ஸ்ப்ரேயில் அடிப்பது வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் கருவி வைத்திருக்கும் பட்டறையின் வேலை. பெட்டிக்குள்ளே அடிக்கும்போது இரண்டு கதவும் திறந்து, ஃபேன் வைத்து, வெளியே ஓர் ஆள் நிற்கட்டும்.

ஒவ்வொரு ஜனவரியிலும், மழை ஓய்ந்ததும், கீழ் விளிம்பையும் கதவடியையும் ஒரு சுற்றுப் பார்த்து, கீறல் விழுந்த இடங்களைத் தேய்த்துப் பூசினால் பெரிய வேலை பல ஆண்டு தள்ளிப்போகும். அதற்கென்று மிச்ச பியூவைச் சேர்த்து வைக்க நினைக்காதீர்கள். திறந்த ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தை உண்டு சில மாதங்களில் கெட்டியாகும். அதே நிறத்தில் சின்ன செட் ஒன்றைச் சீல் உடைக்காமல் வாங்கி, டப்பாவின் மேல் காலாவதித் தேதியைப் பெரிதாக எழுதி வையுங்கள்.